சீரமா, வைட்டலா?

இரண்டுமே கணினியில் இசை ஒலிகளை உருவாக்கும் வேவ்டேபிள் சிந்தசைசர் மென்பொருள்கள். வேவ்டேபிள் என்பது ஒலியை உருவாக்க வரிசையாகச் சேமித்த அலைவடிவங்களின் தொகுப்பு. ஸ்டீவ் டூடாவின் சீரம் 2014-இல் வந்தது. மேட் டைடெல் உருவாக்கிய வைட்டல் 2020-இல். சீரம் காசு கொடுத்து வாங்க வேண்டியது. வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு, அதில் ஒலி எஞ்சின் முழுதாகவே கிடைக்கிறது. குறைவது பெரும்பாலும் பிரீசெட்டுகளும் (ஆயத்த ஒலி அமைப்புகள்) வேவ்டேபிள்களும்தான். இரண்டில் லினக்ஸில் நேரடியாக ஓடுவது வைட்டல் மட்டுமே, அதனால் லினக்ஸில் வேலை செய்பவருக்கு யோசிக்கவே வேண்டாம், வைட்டல்தான்.

சவுண்ட் டிசைன் கற்பவருக்கும் என் பரிந்துரை வைட்டல்தான். காரணம், அதன் திரை. ஒரு எல்எஃப்ஓவை (மெதுவாக ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலை) இழுத்து, ஃபில்டரின் கட்ஆஃப் (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்ற அளவு) குமிழ் மேல் விட்டுப் பாருங்கள். குமிழைச் சுற்றி ஒரு வளையம் ஏறி இறங்கும், ஃபில்டரின் வளைகோடும் கூடவே அசையும். காதில் விழுவது கண்ணிலும் தெரிவதால் மாடுலேஷன், அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றைத் தொடர்ந்து மாற்றுவது, சட்டென்று பிடிபடும். மூன்று ஆஸிலேட்டர்கள் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதிகள்), ஒலியின் அதிர்வெண்களை வளைத்து மாற்றும் ஸ்பெக்ட்ரல் வார்ப் வசதி எல்லாம் இருப்பதால் உலோகம் உரசுவது போன்ற ஒலிகளுக்கு இது அருமை.

சீரத்தின் பலம் வேறு. அதன் வேவ்டேபிள் எடிட்டரில் அலையைக் கையால் வரையலாம், சூத்திரம் எழுதியும் உருவாக்கலாம். பாஸ் (தாழ்ந்த சுருதி) ஒலிகளுக்கு இன்றும் என் கை அங்கேதான் போகிறது. பிரீசெட் பேக்குகளும் பாடங்களும் இதற்குக் கொட்டிக் கிடக்கின்றன. 2025-இல் வந்த சீரம் 2-இல் கிரானுலர் (ஒலியைச் சிறு துணுக்குகளாக்கி இசைப்பது), ஸ்பெக்ட்ரல் (ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கையாள்வது), மல்டிசாம்பிள் (பதிவு செய்த பல ஒலிகளை இசைப்பது) ஆஸிலேட்டர்களும் சேர்ந்துவிட்டன. பழைய உரிமம் வைத்திருந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. தினமும் இசைத் தயாரிப்பில் இருப்பவர் தயங்காமல் சீரத்தை வாங்கலாம்.