சுறாவும் மூழ்கிய கப்பலும் காட்டுவதாகச் சொல்லி 3,480 வெள்ளி வாங்கியவர்கள்: ஓர் எச்சரிக்கை

சுறா பார்க்கவும் மூழ்கிய கப்பலைச் சுற்றி வரவும் வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போக நினைக்கும் நம்மவர்கள், யாருக்காவது பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வழியில் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நேற்று முன்தினம் இரவுதான் சாங்கியில் வந்து இறங்கினோம். போனது 3,480 சிங்கப்பூர் வெள்ளி. வாங்கிக்கொண்டது முக்குளிப்புப் பயிற்சியும் பயண ஏற்பாடும் செய்துதரும் ஒரு கடை. நகரின் நடுவே, பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. புகார் கொடுக்கவிருப்பதால் பெயரை எழுதவில்லை.

தேசிய சேவையை முடித்த என் தம்பி மகனுக்குப் பரிசாகத்தான் இந்தப் பயணம். இடத்தைப் பொறுமையாக அலசித்தான் தேர்ந்தெடுத்தேன். பாலியின் துலம்பென்னில் லிபர்ட்டி கப்பல் கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கும் தூரத்தில் கிடக்கிறது. 1942ல் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு ஆளாகிக் கரையில் ஏற்றப்பட்டு, 1963ல் அகுங் எரிமலை வெடித்தபோது மீண்டும் கடலுக்குள் சரிந்த கப்பல் அது. ஆனால் அங்கே சுறாவை நம்பிப் போக முடியாது. பிலிப்பீன்சின் கொரோனில், 1944 செப்டம்பரில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் பல உள்ளன; அதுவும் சுறாவுக்குப் பெயர்போன இடமன்று. தியோமானில் கருமுனைச் சுறாக்கள் உண்டு என்றாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தீவு ஏறக்குறைய மூடிக் கிடக்கும். மாலத்தீவில் இரண்டும் உண்டு. 1981ல் சிங்கப்பூரிலிருந்து சரக்கேற்றிச் சென்று மாலே அருகே பவளத்திட்டில் மோதி மூழ்கிய மால்டிவ்ஸ் விக்டரியைப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை, செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

ஆகவே, பிலிப்பீன்சிலேயே செபுவுக்கு வடக்கேயுள்ள மலபாஸ்குவா தீவை முடிவு செய்தேன். உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடான வாலுள்ள த்ரெஷர் சுறாக்கள் விடியற்காலையில் ஆழத்திலிருந்து மேலேறி வந்து, தம் மேலுள்ள ஒட்டுண்ணிகளைச் சிறு மீன்கள் தின்பதற்காகச் சுற்றிச்சுற்றி நீந்தும் இடம் அது. முன்பு மோனாட் திட்டில் வந்தவை இப்போது பெரும்பாலும் கிமுட் திட்டில் வருகின்றன. படகில் போகும் தூரத்திலேயே, 1988 அக்டோபரில் சூறாவளியில் சிக்கிப் பல நூறு பயணிகளோடு மூழ்கிய டோன்யா மரிலின் கப்பல் கிடக்கிறது. சுறாவும் கப்பலும் ஒரே தீவில் அமைவது அரிது.

அந்தக் கடைக்காரர் நம் ஆள். முப்பது வயதிருக்கும். உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்து, என் முக்குளிப்புக் குறிப்பேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கோடு போட்ட தாள் ஒன்றில் டோன்யா மரிலினைப் பேனாவால் வரைந்தார்: வலப்பக்கமாகச் சாய்ந்த உடல், மேல்விளிம்பில் 18 என்றும் அடியில் 32 என்றும் ஆழம். பையனிடம் இருப்பது ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைப் பயிற்சி அட்டைதானே, அதற்கு 18 மீட்டர்தானே எல்லை என்று நான் கேட்டேன். “அக்கா, முதல் ரெண்டு நாள்ல தீவுலயே அட்வான்ஸ்ட் பயிற்சிய முடிச்சிடுவோம், பயிற்றுநர சொல்லி வச்சாச்சு, கட்டணம் இதுலயே அடக்கம். உங்க பிள்ளை என் தம்பி மாதிரி,” என்றார். ஆழத்தைத் தம் கையாலேயே குறித்துக்காட்டி, பிள்ளையின் பாதுகாப்புக்கு வழியும் சொல்கிற ஒருவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தங்குமிடம், படகு, பயிற்சி, செபுவிலிருந்து வண்டி எல்லாம் சேர்த்து இருவருக்கும் 3,480 வெள்ளியை அங்கேயே அனுப்பினேன். விமானச் சீட்டு எங்கள் தனிச் செலவு.

செபுவில் வண்டி வரவில்லை. கைக்காசில் வாடகை வண்டி பிடித்து, மாயா துறைமுகத்தில் படகேறித் தீவை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. விடுதி முகப்பில் இருந்த பெண் எங்கள் உறுதிச்சீட்டை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த முன்பதிவு எண் எங்களுடையதே இல்லை என்றார். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தக் கடையிலிருந்து வந்திருந்தது ஒரே ஒரு மின்னஞ்சல், விலை கேட்டு. முன்பணம் அனுப்பச் சொல்லி விடுதி எழுதிய பதிலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அறையும் இல்லை, பயிற்றுநரும் இல்லை. நான் கட்டிய 3,480 வெள்ளியில் ஒரு காசுகூட அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவில்லை.

வேறொரு விடுதியில் மின்விசிறி அறை ஒன்று கிடைத்தது. சொந்தப் பணத்தில் ஒரு விடியலில் கிமுட்டில் இறங்கினோம். சுறா வந்தது, அந்த வால் எங்களைக் கடந்து போவதை இருவரும் பார்த்தோம். தீவின் மீது குறையில்லை. ஆனால் பயிற்சிக்கு இடம் கிடைக்காததால் கப்பலுக்குப் போகும் படகில் பையனை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மறுத்ததுதான் முறை. அவனை விட்டுவிட்டு இறங்க எனக்கும் மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு கடைக்காரர் சொன்னவற்றை அப்படியே சொல்கிறேன். முதலில், விடுதி செய்த குளறுபடி என்றார். திரையைப் படமெடுத்து அனுப்பியதும், முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார் என்றார். பிறகு, கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். அந்தக் கடையில் நான் கண்டது இரண்டு நாற்காலிகளும் ஒரு மேசையும்தான். அடுத்து, மோசமான வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு செய்தி வந்தது. நாங்கள் இருந்த நாள்களில் கடல் அமைதியாகத்தான் இருந்தது. கடைசியாக, பணத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டிய பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னார். எனக்கு வேண்டியது 3,480 வெள்ளி, பற்றுச்சீட்டு இல்லை என்று எழுதினேன். “அக்கா, கொஞ்சம் மரியாதையா பேசுங்க,” என்று பதில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை.

இத்தகைய பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் கட்டும் முன், தீவிலுள்ள விடுதிக்கும் முக்குளிப்பு நிலையத்துக்கும் நீங்களே எழுதி, உங்கள் பெயரில் முன்பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பயண முகவர் உரிமம் இருக்கிறதா என்று சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். சுறா நிச்சயம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பயணத் திட்டத்தின் கடைசி நாளைப் பாருங்கள்: பல நாள் முக்குளித்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு வழிகாட்டல். எங்களுக்குக் கொடுத்த தாளில் காலையில் முக்குளிப்பு, அன்று மாலையே விமானம். இதைக் கேட்டதற்கு, எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள் என்றார். ரசீது, வரைந்து கொடுத்த தாள், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் சங்கம் சமரசம் பேச உதவும். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் அங்கேதான் போகிறேன்.

அதே கடை, அதே தீவு, அதே கப்பல் என்று ஜூன் பள்ளி விடுமுறைக்கு இன்று காலையும் விளம்பரம் வந்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்கள் இன்றே அந்த விடுதிக்கு எழுதிக் கேளுங்கள்.