லண்டன் நிலத்தடி ரயில்: 1863-இன் நீராவியா, 1890-இன் மின்சாரமா?

என் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக லண்டன் நிலத்தடி ரயிலின் மாதிரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தபோது, எதைச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஒன்று, 1863 ஜனவரி 10 அன்று பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் நீராவி ரயில். மற்றொன்று, 1890 டிசம்பரில் ஸ்டாக்வெல்லிலிருந்து தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் புகுந்து நகரை எட்டிய சிட்டி அண்ட் சவுத் லண்டன் மின்சார ரயில். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஆகவே இந்த ஒப்பீடு சற்று அந்தப் பக்கமே சாயும்.

முந்தியது என்ற பெருமையும் பெட்டிகளின் விசாலமும் நீராவிக்கே உரியவை. மின்சார ரயிலின் பெட்டிகளில் ஜன்னல் என்ற பெயருக்கு உயரத்தில் சிறு கீற்றுகள் மட்டுமே இருந்ததால், மனநோயாளிகளை அடைக்கும் மெத்தைச்சுவர் அறைகள் என்று அவற்றைக் கேலி செய்தார்கள். மின்சாரமும் போதவில்லை, மின்நிலையத்திலிருந்து வண்டி தள்ளிப் போகப் போக விளக்குகள் மங்கின.

இருந்தும் என் தேர்வை முடிவு செய்தது புகை. மெட்ரோபாலிட்டன் எஞ்சின்களில், சுரங்கத்துக்குள் போகும்போது வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் திருப்பிக் குளிரவைத்தார்கள். ஆனால் புகைபோக்கி வழியே சீறும் அந்த நீராவிதான் அடுப்புக்குக் காற்றை இழுத்துத் தருவது. அதைத் திருப்பினால் தீ சோர்ந்துவிடும், தொட்டித் தண்ணீரும் சூடேறிவிடும். நீராவியை இப்படி அடக்கினாலும் கரிப்புகையை அடக்க வழியில்லை. எனவே பாதை மேற்பரப்பை ஒட்டியே போக வேண்டியிருந்தது: தெருவைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடி, இடையிடையே வானம் தெரிய விட்டுவைத்தார்கள். பேஸ்வாட்டர் நீட்டிப்பில் அப்படி விட்ட ஒரு திறப்பை மறைக்க, லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 எண்களுக்கு வெறும் முகப்புச் சுவரை எழுப்பி, அதில் ஜன்னல்களைத் தீட்டிவைத்தார்கள். கதவுக்குப் பின்னே வீடு கிடையாது.

மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லாததால், பொறியாளர் கிரேட்ஹெட், தோண்டும்போது மண் சரியாமல் தாங்கி முன்னேறும் தம் உருளைக் கவசத்தைக் கொண்டு சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்ப் பாதையை, தெருவையும் கட்டடங்களையும் தொடாமல் ஆழத்தில் செலுத்த முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதையில் முதலில் கம்பிவடத்தால் வண்டியை இழுக்கவே திட்டமிட்டிருந்தார்கள். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மின்சாரத்துக்கு மாறினார்கள். எங்கள் மாதிரிக்கும் ஒரு பிவிசி குழாயை நெடுக்காக அறுத்ததே போதுமானதாக இருந்தது.

நீராவிச் சுரங்கப் பயணத்தில் எனக்கிருக்கும் அனுபவம், நீலகிரி மலை ரயில் குன்னூரிலிருந்து இறங்கும்போது குகைக்குள் அவசரமாக ஜன்னலை மூடிய சில நொடிகள் மட்டுமே. அதை வைத்து 1863-இன் பயணிகள் பட்ட பாட்டை அளக்க நான் துணியமாட்டேன். மெட்ரோபாலிட்டன் நிர்வாகமே 1905-இல் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியது. லெய்ன்ஸ்டர் கார்டன்ஸின் அந்தப் பொய் வீடுகள் இன்றும் நிற்கின்றன; பின்னால் உள்ள திறப்பின் அடியில் இப்போது ஓடுவது மின்சார ரயில்.