நாயை விட்டுவிட்டு வரலாம் என்று போனவனின் ஐந்து வருஷக் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பிராணிகள் காப்பகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மணலிப் பக்கம், டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் இடம், அவ்வளவு போதும். பெயரைச் சொன்னால் ஒரு கூட்டம் திட்டக் கிளம்பும். இன்னொரு கூட்டம் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்து, விடிவதற்குள் கேட் ஓரமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பும். இரண்டும் அங்கே ஏற்கெனவே தேவைக்கு மேல் நடக்கிறது.

எருக்கஞ்சேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2020 அக்டோபரில் கடைப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டது. எருக்கஞ்சேரி ஹைரோட்டைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு குட்டி லாரியில் போயின. ஒன்றை டீக்கடைக்கு வந்த யாரோ எடுத்துப் போனார். மிச்சம் இருந்த இரண்டையும் காப்பாற்றியே தீருவது என்று எனக்கு ஒரு வேகம். பழைய பேப்பர் பெட்டியில் வைத்து, தெரிந்த ஆட்டோ அண்ணனைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போனேன். "சீட்ல எதுனா பண்ணிச்சின்னா நீதான் கழுவணும்" என்ற நிபந்தனையோடுதான் வந்தார்.

காப்பகத்தில் வாங்க மாட்டோம் என்றார்கள். "குட்டிங்க நல்லாத்தானே இருக்கு சார், அம்மாவும் பக்கத்துலதானே இருக்கு, எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?" என்று வாசலில் இருந்த ஆயாம்மா கேட்டார். காப்பகம் என்று போர்டு வைத்துக்கொண்டு இதென்ன பேச்சு என்று எனக்குக் கோபம் வந்தது. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அன்றைக்கு வந்திருந்த வாலண்டியர் பையன் ஒருவன் மனமிரங்கி வாங்கிக்கொண்டான். உண்டியலில் ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, ஏதோ பெரிய புண்ணியம் செய்த நினைப்பில் வீடு வந்தேன்.

ஒன்பதாம் நாள் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெண் எடுத்தார். தேதியைச் சொன்னேன். நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்த ரெண்டு குட்டியா? அதுங்க போயிடுச்சே சார்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா! யார் வீட்டுக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அதற்குப் பிறகுதான் விளங்கியது.

அன்று இரவு இணையத்தில் அவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். குட்டிகளைக் கொன்றுவிட்டார்கள், ஒரு போன் கூடச் செய்யவில்லை, நன்கொடைக்கு மட்டும் கை நீட்டுவார்கள் என்று. அந்த மூன்றில் நடுவில் உள்ளது மட்டும்தான் நியாயம் என்று இன்று நினைக்கிறேன்.

இரண்டு மாசம் கழித்துத் தாய் நாய்க்கு ஏதோ கோளாறு. ராணி என்று பெயர் வைத்திருந்தோம். பின்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். தனியார் கிளினிக் ஒன்றில் காட்டியபோது சொன்ன செலவைக் கேட்டு என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல், திட்டி எழுதிய அதே இடத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். காப்பகத்தை ஒட்டியே அவர்களுடைய கிளினிக் இருக்கிறது. வெளியாட்கள் வளர்க்கும் பிராணிகளையும் பார்ப்பார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இனச்சேர்க்கையின்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகிற கட்டி. புற்றுநோய் என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் தெருநாய்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற நோய் இது, பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டுவிடும் என்றார். வின்கிரிஸ்டின் என்ற ஊசி, வாரம் ஒன்று, ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால் நாய் அசையவே கூடாது. ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனை செய்து, வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் ஊசி. ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் அவள் மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். ஐந்து வாரம் போனோம். மூன்றாவது வாரமே ரத்தம் நின்றது, ஐந்தாவது வாரம் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. மொத்தச் செலவில் ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள் குட்டிகளைப் பற்றிக் கேட்டேன். சண்டை போடுகிற எண்ணத்தில்தான் கேட்டேன். டாக்டரம்மா ராணியின் காலைப் பிடித்தபடியே பதில் சொன்னார். பார்வோ. நாய்க்குட்டிகளின் குடலை அரிக்கிற வைரஸ். நோய்வாய்ப்பட்ட நாயின் மலத்திலிருந்து பரவும், மண்ணில் மாசக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தொற்றிய ஒரு வாரத்துக்குள் வாந்தி, ரத்தபேதி. ஒன்றரை மாசக் குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கியிருக்கும், தடுப்பூசியும் போட்டிருக்காது. ஊரில் உள்ள நோயாளி நாய்களெல்லாம் வந்து போகிற இடத்தில் அப்படிப்பட்ட குட்டியைக் கொண்டுவந்து விட்டால்?

"அதான் வாசல்லயே வேணாம்னு சொல்லியிருப்பாங்களே" என்றார். ஆமாம், சொன்னார்கள். நான்தான் அரை மணி நேரம் வாதாடினேன்.

அந்த மாசம் கூண்டில் பார்வோ இருந்தது என்று வாசலில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தால் நானே பெட்டியோடு திரும்பியிருப்பேன். இதையும் அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இப்போது தொற்று இருக்கும் நாட்களில் அப்படி ஒரு அட்டை தொங்குகிறது. நான் சொன்னதால்தானா என்று தெரியாது. ஆனால் என் மனைவியிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, கிளினிக் எப்படி என்று கேட்பவர்களுக்கு. காலையில் ஒன்பதுக்கு டோக்கன், எட்டரைக்குப் போய்விட்டால் நல்லது. நிழலுக்கு ஒரு தகர ஷெட், இரண்டு சிமெண்ட் பெஞ்ச். அங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு தனி அனுபவம். காசிமேட்டிலிருந்து ஒருவர் பூனையை மீன் கூடையில் வைத்து மேலே வலையால் மூடிக் கொண்டுவந்திருந்தார். மீன் தின்ன ஆசைப்பட்டுத் தூண்டில் முள்ளை உதட்டில் மாட்டிக்கொண்ட பூனை. வியாசர்பாடியிலிருந்து ஆட்டோடு ஒரு ஆயா. பக்கத்தில் ஏசி காரில் வந்த ஹஸ்கி நாய். ஆட்டுக்கும் ஹஸ்கிக்கும் ஒரே பெஞ்ச், ஒரே டோக்கன் வரிசை. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஹஸ்கிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

குறைகள் இருக்கின்றன. போன் எடுக்க மாட்டார்கள், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். எக்ஸ்ரே கிடையாது, எலும்பு முறிவு என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே கூட்டம் அதிகம், ஆனால் பெரிய டாக்டர்களும் மாணவர்களும் சேர்ந்து பார்ப்பதால் எதையும் லேசில் விட மாட்டார்கள். என் மச்சான் நாயின் தொடை எலும்பை அங்கேதான் சேர்த்து வைத்தார்கள். இந்தக் கிளினிக்கில் இன்னொரு தொல்லை, டாக்டர் மாறிக்கொண்டே இருப்பது. பழைய விவரமெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும், அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ராணியின் சரித்திரத்தை நான் நாலு டாக்டருக்கு முதலிலிருந்து சொல்லியிருக்கிறேன். இப்போது நானே என் கடையில் ஒரு ஃபைல் போட்டு, எல்லாச் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். என் தொழிலுக்கு அதுதான் லாபம்.

காப்பகத்தைச் சுற்றிப் பார்க்க ஞாயிறு சாயங்காலம் விடுவார்கள். குழந்தையின் பிறந்தநாளுக்கு பிஸ்கட் பாக்கெட்டோடு வருகிறவர்களைக் கண்டால் ஆயாம்மாவுக்கு ஆகாது. அவருடைய கணக்கு எளிமையானது. நீங்கள் ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் போட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், ராத்திரி எத்தனை நாய்க்கு வயிறு போகிறதோ அத்தனை கூண்டையும் பிளீச்சிங் பவுடர் போட்டு அவர்தான் கழுவ வேண்டும். பழைய புடவை, பெட்ஷீட், பேப்பர் கட்டு, அரிசி மூட்டை, இவை கொண்டுவந்தால் டீயே வாங்கிக் கொடுப்பார். உள்ளே நாற்றம் இருக்கும், காது கிழியும் சத்தம் இருக்கும், மூன்று காலில் ஓடி வந்து உங்கள் மேல் ஏறுகிற நாய் இருக்கும். பார்க்கச் சங்கடமாக இருப்பவை அவை அல்ல. மூலையில் படுத்து, வருகிற ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் தலையைத் தூக்கிப் பார்க்கும் லாப்ரடார், பக் மாதிரி ஜாதி நாய்கள்தான். வாடகை வீடு மாறினோம், வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிறாள் என்று காரணம் சொல்லி விட்டுப்போனவை. தெருநாய்க்காவது தெரு இருக்கிறது.

2022-ல் அங்கே ஒரு பூனையைப் பிடித்துக்கொடுக்கப் போய், முழங்கையில் நன்றாகப் பிறாண்டல் வாங்கினேன். கம்பவுண்டர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தார். ஒரு கீறலுக்கா இவ்வளவு என்றேன். நாய்க்கடி ஊசி நாய்க்கு மட்டும் சொந்தமில்லை என்று திட்டி, நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இலவசமாகவே போட்டார்கள். அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள், ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் தோலுக்குள் சின்னதாக. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்து, ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கிறவர்கள் இன்னும் நம் பக்கம் உண்டு. அந்தக் காலம் போய் ரொம்ப நாளாகிறது.

2023 டிசம்பர் புயல் மழையில் எங்கள் தெருவிலேயே இடுப்பளவு தண்ணீர். ஆறாம் நாள்தான் போக முடிந்தது. நாய்களை மாடிப் படிகளிலும் டாக்டரின் மேஜை மீதும் ஏற்றி வைத்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் முழங்காலுக்கு மேல் இருந்தது. அந்த வாரம்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்து கூழைக்கடாக்கள் கருப்பாகத் திரிந்தன. ஒரு மீனவப் பையன் எண்ணெய் அப்பிய கொக்கு ஒன்றைச் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான். அதைக் காப்பகம் வைத்துக்கொள்ள முடியாது, காட்டுயிர் என்பதால் வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னார்கள். பையன் முகம் விழுந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். வனத்துறை ஆள் வரும் வரை அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

2025 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 11-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததும், இங்கே கேட் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். "கோர்ட்டே சொல்லிடுச்சு, எங்க தெரு நாய எடுத்துக்கோங்க" என்று. 22-ஆம் தேதி நீதிமன்றமே அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, வெறி பிடித்தவையும் மூர்க்கமானவையும் போக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. 2023-ஆம் வருஷ விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளிலும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு யாரும் வரவில்லை. தெருநாய் என்றால் 1913-க்குப் போன் செய்து மாநகராட்சியிடம் சொல்லுங்கள் என்று ஆயாம்மா அந்த மாசம் முழுக்கத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்.

ராணியை மாநகராட்சி வண்டி எப்போதோ பிடித்துப் போய், கருத்தடை செய்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியைக் கத்தரித்து, அதே படிக்கட்டில் கொண்டுவந்து விட்டது. அவளை எங்கேயும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இப்போது இல்லை. ஜெராக்ஸ் மெஷின் சூட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். மழை நாளில் வாடிக்கையாளர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

அன்றைக்குக் கொடுத்த ஒற்றை நட்சத்திரத்தை மூன்றாக மாற்றினேன். வருஷா வருஷம் போடும் தடுப்பூசிக்கு ராணியை எப்போது கூட்டி வரலாம் என்று கேட்கப் போன வாரம் நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டுக் கிளம்பிவிட்டேன்.