கோடு தேடும் மென்பொருள்: மூன்று நட்சத்திரம், அதுவும் தயங்கித்தான்

அமெரிக்க மருத்துவமனை பில்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து கோடிங் பார்ப்பவள் நான்; அதாவது டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய கோடு எண்ணைத் தேடிப் போடுவது என் வேலை. ஆபீசில் கொடுத்த இந்த மென்பொருளோடு ஆறு மாதமாகக் குப்பை கொட்டுகிறேன். வேகம் பரவாயில்லை. ஆனால் 'ஏஎஸ்டி' (இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் பிறவியிலேயே இருக்கும் ஓட்டை) என்று அடித்தால் முதலில் வந்து நிற்பது க்யூ21.10, அதாவது 'வகை குறிப்பிடாதது'. 2022 அக்டோபர் 1 முதல் வெறும் க்யூ21.1 செல்லாது, சுவரின் நடுப்பகுதியில் வரும் செகண்டம் ஓட்டைக்கு 21.11, பிறந்த பிறகும் மூடாமல் நின்றுவிட்ட துவாரமான பிஎஃப்ஓவுக்கு 21.12 என்று பிரித்துவிட்டார்கள். டாக்டர் 'செகண்டம்' என்று தெளிவாக எழுதியிருந்தும், ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் முதல் வரியைச் சொடுக்கி ஆடிட்டில் மாட்டினேன். தப்பு என்னுடையதுதான், சரி. ஆனாலும் மொட்டையான கோடை ஏன் தலைமேல் வைக்க வேண்டும்? 'பிரைமம்' (அதே சுவரின் கீழ்ப்பகுதி ஓட்டை) என்று அடித்தால் மட்டும் சமர்த்தாக க்யூ21.2 பக்கம் கொண்டுபோய் விடுகிறது.