அரசரடி பியானோ வகுப்பு: ஆர்மோனியக்காரனின் மதிப்பீடு

பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்தே பழகிய கை என்னுடையது. வலக்கை கட்டையில், இடக்கை துருத்தியில். அதனால் மதுரை அரசரடிப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் நடக்கும் இந்தப் பியானோ வகுப்பில் சேர்ந்தபோது என் இடக்கை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைதான்.

டீச்சர் நேராகத் தேர்வுப் பாடல்களுக்குள் தள்ளுவதில்லை. இதற்காகவே இந்த வகுப்பைச் சொல்வேன். பியானோ மேதை ஷோப்பன் தம் மாணவர்களுக்கு முதலில் கொடுத்த ஸ்வர வரிசை (ஸ்கேல்) சி மேஜர் அல்ல, பி மேஜர். அதையே இவரும் கொடுக்கிறார். நீளமான மூன்று விரல்களும் கறுப்புக் கட்டைகளில் தாமாக உட்கார, கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில் நிற்கின்றன. மணிக்கட்டு இறுகுவதே இல்லை. எல்லாம் வெள்ளையான சி மேஜர் பார்க்கத்தான் எளிது, கைக்குக் கடினம்.

அடுத்தது பியானோ ஆசிரியர் செர்னியின் 599ஆம் ஓபஸ் (படைப்பு எண்), தொடக்க மாணவர்களுக்கான நூறு பயிற்சிகள். நம் சரளி வரிசை அளவுக்கே சலிப்பு, அதே அளவுக்குப் பலன். "ஐயா, குத்தாதீர்கள், எடையை இறக்குங்கள்" என்று டீச்சர் சொல்லாத நாளில்லை. ஆர்மோனியத்தில் ஒலியின் அளவைத் துருத்தி பார்த்துக்கொள்ளும். பியானோவில் சுத்தியல் கம்பியை எந்த வேகத்தில் அடிக்கிறது என்பதை விரலே தீர்மானிக்க வேண்டும். இது புரியவே எனக்கு வெகுநாள் ஆனது.

குறைகளும் உண்டு. பழைய அப்ரைட் (கம்பிகள் செங்குத்தாக நிற்கும்) பியானோவின் நடு ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் சுருதி விலகி நிற்கின்றன. மதுரை வெயிலில் அது நடக்கக்கூடியதே, ஆனால் ஆளை வரவழைத்துச் சரிசெய்யாமல் விட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. பக்கத்து அறையில் இருக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோவைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். இடையில் நின்றால் திரும்பக் கிடைக்காது. பேத்தோவனிடம் கற்ற செர்னி, பிறகு பெரும் பியானோக் கலைஞரான லிஸ்டுக்கு அவர் சிறுவனாக இருந்தபோது காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார் என்பதும், அந்த லிஸ்டும் பின்னாளில் ஜெர்மனியின் வைமர் நகரில் கட்டணமின்றிப் பாடம் நடத்தினார் என்பதும் டீச்சர் உருகிச் சொல்லும் கதைகள். ரசீதை நீட்டும் நாளில் மட்டும் அவை வருவதில்லை!

எட்டாம் கிரேடு (இசைத் தேர்வின் உயர்நிலை) சான்றிதழ் அவசரமாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. கை பழக வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். மாலையில் பிள்ளைகள் கூட்டம் அதிகம், பெரியவர்கள் காலை நேரத்தைக் கேளுங்கள்.