பச்சரிசியா, புழுங்கலரிசியா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் அருகருகே விற்கப்படும் இவ்விரண்டு அரிசிகளிலும் மாவுச்சத்து ஏறத்தாழ ஒரே அளவுதான். சமைக்காத 100 கிராமில் 80 கிராம் அளவில் இருக்கும். கிராமுக்கு 4 கலோரி என்பதும் பொதுவானது. வேறுபாடு, அது குளுக்கோசாக மாறும் வேகத்தில் இருக்கிறது.

தீட்டிய பச்சரிசிச் சோறு விரைவில் செரித்து, இரத்தச் சர்க்கரையைச் சட்டென உயர்த்துகிறது. இன்சுலின் அந்தக் குளுக்கோசைக் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பு வடிவமாக மாற்றிச் சேமிக்க வைக்கிறது. சேமிப்பிடம் நிறைந்தபின் மிஞ்சுவதில் ஒரு பகுதி கொழுப்பாகிறது. புழுங்கலரிசியிலோ, நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகிவிடுவதால், செரிமானம் பொதுவாக மெதுவாக நடைபெறுகிறது.

அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசிக்குள் ஊடுருவுவதால், தீட்டிய பிறகும் அதில் கணிசமான பங்கு எஞ்சுகிறது. குளுக்கோசிலிருந்து ஆற்றலைப் பெற உடலுக்கு இந்த வைட்டமின் இன்றியமையாதது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே, இந்த வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியிருந்ததையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததையும் பதிவு செய்தார். நம் முன்னோரின் சோற்றுப் பானை அவர்களைக் காத்திருக்கிறது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

பொங்கலுக்கும் பாயசத்துக்கும் பச்சரிசியே பொருத்தம். அன்றாடச் சோற்றுக்கு, குறிப்பாக நீரிழிவு உள்ள வீடுகளில், நான் புழுங்கலரிசியையே பரிந்துரைப்பேன். ஆயினும் அதுவும் தட்டில் கால் பங்கைத் தாண்டலாகாது.