ஷோடானுக்குப் பிறகு: சென்ஷுசெய்யா, இவாமாவா?

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் ஷோடான், அதாவது முதல் நிலைக் கருப்புப் பட்டை, வாங்கியாச்சு, அடுத்து ஜப்பானுக்கே போய்த் தங்கிப் பழகணும் என்று நினைப்பவர்கள் பலர் கடைசியில் சென்ஷுசெய், இவாமா என்ற இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் ஷோடான் முடித்தவருக்கு இவாமாதான், ஏன் என்று சொல்கிறேன்.

சென்ஷுசெய் என்பது டோக்கியோவில் யோஷின்கான் நடத்தும் 11 மாதப் பயிற்சி. யோஷின்கான் என்பது ஷியோதா கோசோ 1955இல் தொடங்கிய டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம். டோக்கியோ கலவரத் தடுப்புப் போலீசாருக்காக உருவான பயிற்சி என்பதால் கண்டிப்பும் அந்த மாதிரிதான். அடிப்படை அசைவுகள் மொத்தம் ஆறு, அவற்றை எண்ணிக்கைக்கு எண்ணிக்கை, முன்கால் விரல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது வரை திருத்தித் திருத்திச் செய்ய வைப்பார்கள், அப்புறம் மணிக்கணக்கில் முழங்காலிட்டு உட்கார்வதும் முட்டியாலேயே நடப்பதும் வேறு. உடம்பு நிச்சயம் மாறும். ஆனால் ஒன்றுமே தெரியாமல் வருபவரைக்கூட ஷோடானுக்கும் பயிற்றுநர் தகுதிக்கும் கொண்டுபோகிற பாடத்திட்டம் அது, ஏற்கெனவே பட்டை உள்ளவரும் அதே முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்.

இவாமா வேறு உலகம். ஐகிடோவை உருவாக்கிய உயெஷிபா மொரிஹெய் 1942இல் குடிபோய் விவசாயமும் பயிற்சியுமாக வாழ்ந்த ஊர், இபராக்கியில் இருக்கிறது. 1946இல் அங்கே சீடராகச் சேர்ந்த சாய்தோ மொரிஹிரோ 2002இல் இறக்கும்வரை அந்த முறையைக் காத்தார். உச்சிதேஷியாக, அதாவது டோஜோவிலேயே வாழும் சீடராக, தங்கினால் பெருக்குவதும் சமைப்பதும் உங்கள் வேலை. காலையில் வாளும் ஜோ தடியும், மாலையில் வெறுங்கை. வெறுங்கை வகுப்பில் தவறாமல் வருவது மொரோதெதொரி கோக்யூஹோ: எதிரில் இருப்பவர் உங்கள் ஒரு முன்கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார், சும்மா பிடிக்கமாட்டார், நகரவே விடமாட்டார். தோளால் இழுத்தால் அசையாது. இடுப்பை இறக்கி, காலையில் மரவாளைத் தூக்கிய அதே வழியில் கையைத் தூக்கும்போதுதான் அவர் சாய்வார். வாளுக்கும் கைக்கும் உள்ள இந்த உறவு பிடிபடத்தான் ஒருவர் அவ்வளவு தூரம் போக வேண்டும், சென்ஷுசெய்யில் இதற்கு இவ்வளவு இடமில்லை.

டோக்கியோ ஷின்ஜுக்குவில் உள்ள ஐகிகாய் என்ற ஐகிடோ அமைப்பின் தலைமை டோஜோவும் உண்டு, அறை எடுத்துத் தங்கி தினமும் போய்வரலாம், இரண்டாம் நிலைக் கருப்புப் பட்டையான நிதானுக்கு, ஷோடானுக்குப் பின் 200 நாள் பயிற்சி கேட்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பழகுபவருக்கு அது சரி.

இவாமாவுக்கு எழுதும்போது ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். பழைய டோஜோ இப்போது ஐகிகாயின் பொறுப்பில் இருக்கிறது, சாய்தோவின் மகன் வேறொரு டோஜோவைத் தனி அமைப்பாக நடத்துகிறார். எதில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் அடுத்த டான் (கருப்புப் பட்டை நிலை) யார் பெயரில் வரும் என்பதும்.